ப்ரொசீஜர் ஓடுது, ஸ்டாக் குறையலை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பாரிமுனையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில். பில் போட்டதும் ஸ்டாக்கைக் கழிக்க, முன்பு இருந்தவர் எழுதிவைத்த ஸ்டோர்ட் ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரல்) ஒன்று இருக்கிறது. அதை பைத்தானில் எஸ்க்யூஎல்ஆல்கெமி (டேட்டாபேஸோடு பேச உதவும் லைப்ரரி) மூலமாகக் கூப்பிட்டால் எர்ரரே வருவதில்லை, ஆனால் ஸ்டாக்கும் குறைவதில்லை. எஸ்க்யூஎல் சர்வரின் சொந்தக் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓட்டினால் ஒழுங்காகக் குறைகிறது. ஏன்?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கமிட், அதாவது 'மாற்றத்தை நிரந்தரமாக்கு' என்ற கட்டளை, போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டுடியோவில் நீங்கள் ஓட்டுவதெல்லாம் தானாகவே கமிட் ஆகிவிடும், வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றினால்தான் நிற்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி அப்படி இல்லை. டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் அதன் என்ஜினின் கனெக்ட்டை வித் போட்டுத் திறந்து முதல் வரியை எக்ஸிக்யூட் செய்ததுமே, மொத்தமாக ஏறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கிவிடும், கமிட் சொல்லாமல் அந்த பிளாக்கை விட்டு வெளியே வந்தால் சத்தமில்லாமல் ரோல்பேக், செய்த மாற்றமெல்லாம் ரத்து. ப்ரொசீஜர் உண்மையிலேயே ஓடியிருக்கிறது, பத்து அட்டை பாராசிட்டமால் கழிந்தும் இருக்கிறது, அடுத்த நொடியே திரும்ப ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

பழைய 1.x வெர்ஷனில் இன்னொரு கூத்து. இன்ஸர்ட், அப்டேட், டெலீட் என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் லைப்ரரியே கமிட் போட்டுவிடும். எக்ஸெக் என்று தொடங்கினால் போடாது, உள்ளே ப்ரொசீஜர் என்ன செய்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? 2023 ஜனவரியில் வந்த 2.0-வில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். கனெக்ட்டுக்குப் பதிலாக என்ஜினின் பிகினைப் போடுங்கள். பிளாக் ஒழுங்காக முடிந்தால் கமிட், நடுவில் எர்ரர் வந்தால் ரோல்பேக்.

அப்புறம், ப்ரொசீஜரின் முதல் வரியாக 'செட் நோகவுண்ட் ஆன்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'இத்தனை வரி மாறியது' என்பது தனித்தனி ரிசல்ட்டாக பைஓடிபிசிக்கு (பைத்தானை எஸ்க்யூஎல் சர்வரோடு இணைக்கும் ட்ரைவர்) வரும், ஃபெட்ச் செய்யப் போனால் 'நோ ரிசல்ட்ஸ்' என்று கத்தும். இதைவிட மோசமானது, முதல் ரிசல்ட்டுக்குப் பிறகு ப்ரொசீஜருக்குள் எர்ரர் வந்தால், அடுத்த ரிசல்ட்டுக்குப் போகும் நெக்ஸ்ட்செட் போட்டு அதுவரை நகராமல் உங்கள் கண்ணில் படவே படாது. மதிப்புகளை எஃப்-ஸ்ட்ரிங்கில் கட்டளைக்குள்ளேயே ஒட்டி அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் இன்றே நிறுத்துங்கள், எஸ்க்யூஎல்ஆல்கெமியின் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் கோலன் போட்ட பெயரை வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். டி'சோசா என்று ஒரு வாடிக்கையாளர் வந்தால் போதும், பெயரில் உள்ள அந்த ஒற்றை மேற்கோள் குறியால் பில் நின்றுவிடும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ஒரே கோடில் ப்ரொசீஜரைக் கூப்பிட முடியாதா?
– ஒரு வாசகி, பெருங்குடி

பதில்: முடியாதும்மா. டேட்டாபேஸ் ட்ரைவர்களுக்கான பைத்தானின் பொது விதிமுறையான பெப் 249-இல், ப்ரொசீஜரைக் கூப்பிட கால்ப்ராக் என்று ஒரு மெதட் இருக்கிறது, ஆனால் ட்ரைவர் எழுதுபவர் இஷ்டப்பட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஆளுக்கொரு வழி. பைஓடிபிசியில் அது கிடையாது. போஸ்ட்கிரெஸ் ட்ரைவரான சைகாப்ஜி2-வில் உண்டு, ஆனால் அது செலக்ட்டாக மாற்றி அனுப்புவதால் ஃபங்ஷனுக்கு மட்டும்தான் வேலை செய்யும். போஸ்ட்கிரெஸ் 11-இல் வந்த நிஜ ப்ரொசீஜருக்கு நீங்களே கால் என்று எழுத வேண்டும். சைகாப்ஜி3-இல் கால்ப்ராக்கையே தூக்கிவிட்டார்கள். மைஎஸ்க்யூஎல் கனெக்டரில் ரிசல்ட்டை ஸ்டோர்ட்_ரிசல்ட்ஸில் போய் எடுக்க வேண்டும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமி இந்தச் சண்டைக்குள் வருவதே இல்லை, 'ரா_கனெக்‌ஷனை எடுத்துக்கோ, ட்ரைவரோடு நீயே பேசிக்கோ' என்று ஒதுங்கிவிடும். அப்படி எடுத்தால் ஃபைனலியில் குளோஸ் செய்ய மறக்காதீர்கள். இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் பூலில் சாதாரணமாக 5 கனெக்‌ஷன், நெருக்கடிக்கு இன்னும் 10. திருப்பிக் கொடுக்காமலே விட்டால் 16-வது ஆள் 30 விநாடி காத்திருந்துவிட்டு டைம்அவுட் வாங்குவார், நீங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டேட்டாபேஸுக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஃபங்ஷன் எழுதி ஒரே ஃபைலில் வையுங்கள், மற்ற கோடெல்லாம் அதைத்தான் கூப்பிட வேண்டும். ஒரே மதிப்பைத் திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷன் என்றால் இந்தப் பாடே வேண்டாம், செலக்ட்டுக்குள் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ஃபங்க் போட்டு அழைத்தால் இரண்டிலும் ஓடும்.

கேள்வி: எல்லா லாஜிக்கையும் ப்ரொசீஜரிலேயே எழுதிவிடலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஸ்டாக் கழிப்பது மாதிரி நாலு டேபிளை ஒரே மூச்சில் தொடுவது அங்கே இருக்கட்டும். தள்ளுபடி சதவீதம், பில் ஃபார்மேட் மாதிரி மாதா மாதம் மாறுவதெல்லாம் பைத்தானில். எதை அங்கே வைத்தாலும் அந்த ஸ்கிரிப்டை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள், பாரிமுனைக் கடைக்காரர் மாதிரி, எழுதியவர் போன பிறகு சர்வருக்குள் தோண்ட வேண்டியிருக்காது.