யாழ்ப்பாணத்தில வீட்டு ஸ்விமிங் பூல்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

வணக்கம். நான் பூல் பாக்கிற ஆள், முதல் டோஹாவில ஒரு ஹோட்டலில நிண்டனான், இப்ப ஊரோட வந்து வலிகாமம் பக்கம் வீடுகளுக்குப் பாக்கிறன். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் ஊரில வீடு கட்டேக்க பூலும் சேர்த்துக் கட்டத் தொடங்கின பிறகு எனக்கு ஒரே போன்தான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் நோகுது, அதால எல்லாரும் இஞ்சயே கேளுங்கோ. ஒண்டு முதலே சொல்லிப்போட்டன், குளோரின் என்ன விலை, ரைல்ஸ் என்ன விலை எண்டு கேக்காதேங்கோ, இண்டைக்குச் சொல்லுறது அடுத்த மாசம் பொய்யாப் போகும். அளவு சொல்லுறன், கடையில விலை விசாரிச்சுப் பெருக்கிறது உங்கட வேலை.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணை, கோண்டாவிலில வீடு கட்டுறம். பூல் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், ஒரு பக்கம் 1.2 மீற்றர் ஆழம், மற்றப் பக்கம் 1.5. மாசம் என்ன முடியும்? நாங்கள் வருசத்தில 5 கிழமைதான் வந்து நிப்பம்.

பதில்: சராசரி ஆழம் 1.35 எண்டு எடுத்தா உங்கட பூலுக்கு 43,200 லீற்றர் தண்ணி வேணும். இதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, மிச்சமெல்லாம் இதில இருந்துதான் வரும்.

முதல் கறண்ட். 1 எச்.பி பம்ப் ஒரு மணித்தியாலம் ஓடினா கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும். எங்கட வெய்யிலுக்கு நாளுக்கு 6 மணித்தியாலமாவது ஓடவேணும், அப்ப மாசம் 180 யூனிட், அதுவும் பூல் மட்டும், பிரிட்ஜும் பானும் சேர்க்கேல்லை. வீட்டு பில்லில 180க்கு மேல போற ஒவ்வொரு யூனிட்டும் ஆகக் கூடின படியிலதான் விழும் எண்டது தெரியும்தானே, அதால உங்கட வீட்டுப் பாவனை முழுக்க அந்த மேல்படிக்குப் போகும். கூரையில சோலர் போடுற பிளான் இருந்தா பம்பை பகல் 9 மணிக்குப் பிறகு ஓடவிடுங்கோ.

பிறகு குளோரின். 65 வீதத் தூள் எண்டா நாளுக்கு 130 கிராம் அளவில போடவேணும், மாசத்துக்கு 4 கிலோ எண்டு வையுங்கோ, ஆக்கள் கனக்கக் குளிச்சா இன்னும் கூட. பி.எச் (தண்ணியிட புளிப்பு-கார அளவு) இறக்க அசிட் தனி. தண்ணியும் போகும், சோளகம் அடிக்கிற மாசங்களில ஒரு நாளைக்கு அரை சென்ரிமீற்றர் ஆவியானாலே 160 லீற்றர், மாசத்துக்கு 4,800.

இவ்வளவும் சின்னக் காசு. பெரிய காசு ஆளுக்கு. காலமை வந்து இலை அள்ளி, குப்பை பிடிக்கிற கூடையைக் கழுவி, தண்ணியைச் சோதிச்சு, மருந்து போட ஒரு 40 நிமிசம், கிழமைக்கு ஒருக்கா சுவர் தேய்ச்சு அடி வக்கூம் பண்ண இன்னும் ரெண்டு மணித்தியாலம். நீங்கள் நிக்கிறது 5 கிழமை, பூல் உயிரோட இருக்கவேண்டியது 52 கிழமை. "பக்கத்து வீட்டு அன்ரி ஒருக்கா எட்டிப் பாப்பா" எண்டு விட்டிட்டுப் போன பூல் மூண்டை நான் பாசியில இருந்து மீட்டிருக்கிறன், அந்த அன்ரிமாரில ஒரு பிழையும் இல்லை, பாவங்கள்.

கேள்வி (உரும்பிராய்): கிணத்துத் தண்ணி விட்டு நிரப்பினது, கண்ணாடி மாதிரி இருந்தது. மூண்டாம் நாள் பால் மாதிரி வெள்ளையாப் போச்சு. இப்ப ரைல்ஸ் எல்லாம் சொரசொரப்பு. குளோரின் கூடிப்போச்சோ?

பதில்: குளோரினில்லை, சுண்ணாம்பு. உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ, அதே படிவுதான். எங்கட நிலம் முழுக்கச் சுண்ணக்கல்லு, மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க கல்லைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. கிணத்துக்குள்ள இருக்கேக்க தண்ணியில காபனீரொட்சைட்டு கரைஞ்சு கிடக்கும், வெளியில எடுத்து வெய்யிலில விட அது பறக்கும், பி.எச் ஏறும், கரைஞ்சு கிடந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகும். அதுதான் நீங்கள் கண்ட பால்.

இப்ப பி.எச்சை 7.2க்கும் 7.6க்கும் இடையில பிடியுங்கோ, அசிட்டை ஒரேயடியா ஊத்தாமல் ரெண்டு மூண்டு நாளாப் பிரிச்சு, பம்ப் ஓட ஓட. பில்ரரை அடிக்கடி பாக்வோஷ் பண்ணுங்கோ, அதாவது தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டுக் கழுவுங்கோ. ஆனா இது ஒருநாள் வேலையில்லை எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ, ஆவியாப் போறது வெறும் தண்ணி, சுண்ணாம்பு உள்ளுக்கே நிக்கும், நீங்கள் குறைஞ்சதுக்குத் திரும்பக் கிணத்துத் தண்ணி விட அது இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். பூல் எண்டுறது கழுவாமல் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கிற கேத்தில் மாதிரித்தான். புத்தகத்தில கல்சியம் வன்மை, அதாவது கரைஞ்ச சுண்ணாம்பிட அளவு, 200 தொடக்கம் 400 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) எண்டு இருக்கும், இஞ்ச சில கிணறு முதல் நாளே அதைத் தாண்டும்.

இதுக்கு எங்களிட்ட இருக்கிற நல்ல மருந்து மாரி மழைதான். மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்லை. 100 சதுர மீற்றர் கூரையில 10 மில்லிமீற்றர் மழை விழுந்தா 1,000 லீற்றர். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் கூரைப் பீலியில இருந்து ஒரு பைப்பை பூலுக்குத் திருப்பிவிடுங்கோ, முதல் மழையை மட்டும் விடாதேங்கோ, அது காக்கா எச்சமும் வேப்பஞ்சருகும். பழைய தண்ணியில கொஞ்சத்தை இறக்கிப்போட்டு இதை விட்டா வருசத்துக்கு ஒருக்கா பூல் மூச்சு விடும்.

கேள்வி (மானிப்பாய்): தூள் நல்லமோ, குளிசை நல்லமோ, கான்ல வாற குளோரின் நல்லமோ?

பதில்: மூண்டிலயும் ஒரு வினை இருக்கு. 65 வீதத் தூள் கல்சியம் ஹைப்போகுளோரைற்று, ஏற்கெனவே சுண்ணாம்பு கூடின தண்ணிக்கு நீங்களே இன்னும் சுண்ணாம்பு போடுறியள். குளிசை ட்ரைகுளோர், அதில வெய்யில் குளோரினைத் தின்னாமல் காக்கிற சயனூரிக் அசிட் இருக்கு, அது 30 தொடக்கம் 50 பிபிஎம் இருந்தா நல்லம், ஆனா அது ஆவியாகாது, வருசக்கணக்கா குளிசையே போட்டா ஏறி ஏறி கடைசியில குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அதுக்குத் தண்ணி மாத்திறதைத் தவிர வழியில்லை. கான் குளோரின் ரெண்டு பிரச்சினையும் இல்லாதது, ஆனா எங்கட சூட்டுக்கு கெதியில பலம் போயிடும், கடையில எத்தினை மாசம் கிடந்ததோ ஆருக்குத் தெரியும்.

நான் செய்யிறது கோடையில குளிசை, மாரியில தூள். மருந்து போட்டு பூலில மிதக்கவிடுற ஒரே மிதவைக்குள்ளயோ ஒரே வாளிக்குள்ளயோ ரெண்டையும் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். வாளியைக் கழுவிப்போட்டுப் பாவிக்கிறம் எண்டும் சொல்லாதேங்கோ, வாளி ரெண்டு வாங்குங்கோ. அசிட் கானை குளோரினோட ஒரே அறையில வைக்கிற பழக்கமும் வேண்டாம், ரெண்டும் சேர்ந்தா வாற காத்தே ஆளைக் கொல்லும். எப்பவும் தண்ணிக்குள்ள மருந்து, மருந்துக்குள்ள தண்ணியில்லை.

கேள்வி (வேலணை): எங்கட கிணறு உவர். உப்புப் பூல் எண்டு ஒண்டு இருக்காம், அப்ப எங்களுக்கு லாபம்தானே?

பதில்: சிரிச்சுப்போட்டன், குறை நினையாதேங்கோ. உப்புப் பூலில லீற்றருக்கு 3 தொடக்கம் 4 கிராம் சுத்தமான உப்பு இருக்கவேணும், ஒரு மெசின் அதில கறண்ட் விட்டு குளோரின் எடுக்கும். உவர்த் தண்ணியில உப்போட கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து வருது, அது போய் மெசினிட தகட்டில படிஞ்சால் தகடு போச்சு, விலையான சாமான் அது. பிறகு அந்தத் தண்ணியை எங்க விடுவியள்? தீவுப்பக்கம் நல்ல தண்ணி எண்டு கிடக்கிறதே மேலால மிதக்கிற கொஞ்சம்தான். வேண்டாம்.

கேள்வி (நல்லூர்): பிள்ளையளுக்குக் கண் சிவக்குது, குளோரின் மணம் மூக்கைப் பிடுங்குது. குளோரினைக் குறைக்கட்டோ?

பதில்: கூட்டுங்கோ. அந்த மணம் வேர்வையும் சலமும் குளோரினோட சேர்ந்து வாற குளோரமீன், குளோரின் போதியளவு இருந்தா அது உடைஞ்சு போயிடும். சரியான பூல் மணக்காது. இறங்க முதல் எல்லாரும் உடம்பு கழுவவேணும், எண்ணெய் வைச்ச தலையோட இறங்கிற மாமாமார் உட்பட.

கேள்வி (இணுவில்): மற்ற ஊரில ஒரு நாள் குளோரின் போடாமல் விட்டாலும் ஒண்டும் செய்யாது எண்டினம், எங்களுக்கு ரெண்டு நாளில பச்சை. ஏன்?

பதில்: தோட்டக் காணியளுக்கு நடுவில இருக்கிறியள் எண்டு நினைக்கிறன். உரமும் கக்கூஸ் குழியும் சேர்ந்து எங்கட கிணறுகளில நைத்திரேற்று கூட, வலிகாமத்தில கன கிணறு குடிதண்ணிக்கு விட்ட எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போட்ட யூரியா உங்கட பூலில பாசிக்குச் சாப்பாடு. அதால குளோரின் 1 பிபிஎம்முக்குக் கீழ போக விடக்கூடாது, 2, 3 எண்டு பிடியுங்கோ.

பச்சையான பிறகு எண்டா சுவரை நல்லாத் தேய்ச்சு, பி.எச்சை இறக்கி, பொழுதுபட்டாப் பிறகு குளோரினை 10க்கு ஏத்தி, பம்பை இரவு பகலா விட்டு, பச்சை சாம்பல் நிறமானதும் பாக்வோஷ். திரும்ப 3க்கு இறங்கும்வரை ஒருத்தரும் இறங்கப்படாது. பூட்டிக்கிடக்கிற வீடெண்டா இன்னும் கவனம், கார்த்திகை, மார்கழி, தை எண்டா டெங்கு, பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) மதிலுக்கு மேலால பாத்தாலே காணும், பேந்து கோட்டுக்கு நீங்கள்தான் வரவேணும்.

கேள்வி (கொக்குவில்): மழை முடிய கழுவுவம் எண்டு மார்கழியில பூலை முழுக்க இறைச்சம். இப்ப அடியில வெடிப்பு. கட்டினவன் ஏமாத்திப்போட்டானோ?

பதில்: ஐயோ. மார்கழியில உங்கட கிணத்துத் தண்ணி எவ்வளவு மேல நிக்குது எண்டு பாத்தனீங்களோ? சில வளவுகளில குனிஞ்சு வாளியாலயே அள்ளலாம். அந்தத் தண்ணி பூலுக்கு அடியிலயும் நிக்குது. உள்ளுக்குத் தண்ணி (மேல சொன்ன ஸ்காபரோக்காரரிட பூல் அளவெண்டா 43 தொன்) இருக்கும்வரைக்கும் அது அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும், நீங்கள் இறைக்க இறைக்க கீழ இருக்கிறது மேல தள்ளும், வெறும் பூல் ஒரு வள்ளம் மாதிரி. சில பூலுகளில அடியில அதுக்கெண்டு ஒரு வால்வு இருக்கும், உங்கட ஆக்கள் வைச்சவையோ தெரியாது, வைக்காட்டி அது அவையிட பிழைதான். முழுசா இறைக்கிறதெண்டா ஆவணி, புரட்டாதியில, கிணறு கீழ போனாப் பிறகு. ஆனா திரும்ப நிரப்ப அப்ப தண்ணி இல்லை, ஒரே மூச்சில 43,000 லீற்றர் இழுத்தா கடற்கரைப் பக்கக் கிணறுகள் உவராகும், பவுசர் எண்டா 5,000 லீற்றர்ப்படி ஒம்பது தரம். அதுதான் முழுசா இறைக்காமல் மழைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ எண்டுறது.

கேள்வி (பருத்தித்துறை): அந்தக் காலத்தில கீரிமலைக் கேணியில குளோரின் போட்டே குளிச்சவை?

பதில்: கீரிமலையில ஊத்து உள்ளால வந்து கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கு அண்ணை, அது தானே தன்னைக் கழுவுது. உங்கட பூலுக்கும் அப்பிடி ஒரு ஊத்து இருந்தா ஒண்டும் போடத் தேவையில்லை. சின்னனுகளுக்கு மட்டுமெண்டா கிணத்தடியில 3 மீற்றர், 2 மீற்றரில முழங்காலளவு தொட்டி கட்டுங்கோ, 3,000 லீற்றர் காணும், காலமை நிரப்பி பின்னேரம் வாழைக்குத் திறந்துவிடலாம், பம்பும் இல்லை, அசிட்டும் இல்லை. முழங்காலளவெண்டாலும் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ.

கேள்வி (ஸ்காபரோ, திரும்ப): அண்ணை, வாசிச்சுப்போட்டு மனுசி பூல் வேண்டாம் எண்டுறா, மகன் வேணும் எண்டுறான். நாங்கள் இப்ப என்ன செய்யிறது?

பதில்: இப்ப வெட்டாதேங்கோ, இடத்தை மட்டும் விடுங்கோ. வேப்பமரத்துக்குக் கீழ இல்லாமல், கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் தள்ளி. வீடு கட்டேக்கயே கறண்ட் வயரும் பீலித் தண்ணி பைப்பும் அந்த மூலைக்கு இழுத்துவிட்டா பேந்து நிலம் உடைக்கத் தேவையில்லை. அதுக்குள்ள உங்கட கிணத்துத் தண்ணியை ஒரு போத்தலில எடுத்து வன்மை, நைத்திரேற்று, உப்பு மூண்டும் பாக்கச் சொல்லுங்கோ, ஒருக்கா ஆவணியில, ஒருக்கா தையில. ரெண்டு ரிப்போட்டையும் எனக்கு அனுப்புங்கோ, மகனோட நானே கதைக்கிறன்.