தூத்துக்குடியா, திருவனந்தபுரமா? விமான தூரம் குறித்த கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவிலில் பல வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

ஆரல்வாய்மொழியில் இருந்து ஒருவர்: அண்ணே, தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் 125 கிலோமீட்டர்தான் என்று போனில் காட்டுகிறது. காரில் 170க்கு மேல் வந்ததே?

இரண்டும் சரிதான். 125 என்பது காக்கா பறக்கிற தூரம், நடுவில் மலை கிடப்பதை அது கண்டுகொள்ளாது. கார் திருநெல்வேலி, நாகர்கோவில் என்று சுற்றித்தான் வர வேண்டும். நேரடி விமானம் கிடையாது. விமானத்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் சென்னை மாதிரி ஒரு ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், சென்னை வழியாக என்றால் அது 1,140 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிடலாம்.

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு அக்கா: சென்னைக்கு எது பக்கம்? எதில் சீக்கிரம் போகலாம்?

வான்வழியில் தூத்துக்குடி–சென்னை சுமார் 530, திருவனந்தபுரம்–சென்னை சுமார் 615. ஆனால் தூத்துக்குடிக்கு இவ்வளவு நாளும் வந்தது பெரும்பாலும் ஏடிஆர், இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அது. மணிக்கு 500 கிலோமீட்டர் வாக்கில்தான் போகும். ஜெட் 800ஐத் தாண்டும். அதனால் தூரம் கூடுதலாக இருந்தும் திருவனந்தபுரத்து ஜெட் ஏறக்குறைய அதே நேரத்தில், சில நாள் முந்தியே, இறங்கிவிடும். டிக்கெட்டில் இரண்டுக்கும் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னைக்கு மேலே வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

அக்கா, நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது ரோட்டைத்தான். உங்களுக்குத் திருவனந்தபுரம் 40 கிலோமீட்டருக்குள், யோசிக்கவே வேண்டாம். நாகர்கோவில்காரர்களுக்கு அது 70 பக்கம், தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கும் வாகைக்குளம் நூற்றுப்பத்து பக்கம். ஆனால் வாகைக்குளம் போகும் வழியில் காவல்கிணறு தாண்டினால் நான்குவழிச்சாலையில் கார் பறக்கும், திருவனந்தபுரம் வழியில் களியக்காவிளை பக்கமோ கல்யாண முகூர்த்த நாளில் வண்டி நகராது. இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

குளச்சல் தம்பி ஒருவர்: தூத்துக்குடிக்குப் பெரிய விமானம் வருமா?

வர வழி பண்ணியாச்சு. பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான், அதில் ஏடிஆர் மாதிரிதான் இறங்க முடியும். இப்போது 3,115 மீட்டர். புது முனையத்தை 2025 ஜூலையில் திறந்தார்கள்.

ஏடிஆரில் முன் சீட் கேட்டு வாங்கவா?

வேண்டாம். அதில் பயணிகள் ஏறி இறங்குவது பின்பக்கக் கதவு வழியாக, முன்னால் இருப்பது சரக்கு. கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.

ஐப்பசியில் துபாய் போகிறேன், திருவனந்தபுரத்தில் ஏதாவது கவனிக்கணுமா?

ஆமாம். பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது, ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஒரு நாள் சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது, தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அப்புறம், வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். டிரைவரிடம் வெறுமனே ஏர்போர்ட் என்று சொன்னால் சங்குமுகத்தில் உள்நாட்டு முனையத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார், பெட்டியோடு ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.