பக்கத்து வளவுக் கிணறும் உங்கள் கையொப்பமும்

கேள்வி: நான் இளம் சிவில் பொறியியலாளர். என் மாமா யாழ்ப்பாணம் கோண்டாவிலில் 2 பரப்புக் காணியில் மாடிவீடு கட்டுகிறார். மலசலகூடக் குழி பக்கத்து வளவுக் கிணற்றுக்கு 20 அடியில் வருகிறது. வரைபடத்தில் 50 அடி என்று போட்டுக் கையொப்பம் வைக்கச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: வைக்காதீர்கள், தம்பி. ‘நான் பார்த்தேன், அளவு சரி’ என்று பிரதேச சபைக்கு நீங்கள் தரும் வாக்கு அது. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்புகள் வழியே கழிவு சரியாக வடிபடாமலே நிலத்தடி நீரில் இறங்கிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல்லின் குணம் தெரியும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பால்மா கரைப்பார்கள். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவது குறையும்.

2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டப்படி, பொறியியலாளர்கள் அந்தப் பேரவையில் பதிவு செய்துதான் தொழில் செய்ய வேண்டும். தெரிந்தே பொய் அளவு எழுதினால் அந்தப் பதிவுக்கே ஆபத்து.

சரி, மாமாவிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளி, அடியும் சுவரும் கொங்கிறீற் போட்ட, கசியாத தொட்டியாக வேறொரு வரைபடம் கீறிக் கொண்டு போங்கள். நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சட்டும். செலவு கூடும்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.