செக் என்னும் சொல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரூரில் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். தறியிலிருந்து வரும் செக் துணியை செக் செய்வதும், அதற்கு வரும் செக்கை வங்கியில் போடுவதும் என் அன்றாட வேலை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சதுரங்கம் ஆடும்போது "அப்பா, செக்!" என்றாள். அப்போதுதான் இவையெல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறு சொற்களா என்ற ஐயம் எழுந்தது. காசோலையில் கட்டங்கள் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்கிறார் நண்பர் ஒருவர். அது சரிதானா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

எல்லாம் ஒரே சொல்தான். அது பிறந்த இடமும் உங்கள் மகள் அதைச் சொன்ன இடமேதான்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குச் சென்றபின், எதிரியின் அரசனுக்கு ஆபத்து நேரும்படி காய் நகர்த்தியவர் 'ஷா' என்று குரல் கொடுப்பது வழக்கமாயிற்று. ஷா என்றால் அரசன். (நம் 'க்ஷத்திரியர்' என்ற சொல்லுக்கும் இதற்கும் மூலத்தில் உறவு உண்டு.) அந்தக் குரல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்ததுதான் 'செஸ்'. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. அதற்கு 'அரசன் செத்தான்' என்று பலர் பொருள் சொல்வது, அரபியில் சாவைக் குறிக்கும் ஒரு சொல்லோடு அதைக் குழப்பிக்கொண்டதால் வந்தது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாது நிற்பவன். சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை, போக இடமில்லாமல் நிறுத்திவிடுகிறோம் என்பதை நினைத்தால் இந்தப் பொருளே பொருந்துகிறது.

செக் சொல்லப்பட்டவர் தாம் நினைத்திருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அரசனைக் காக்க வேண்டும். அதனால் சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் வந்தது. தவறு நேராமல் தடுப்பதற்காகச் சரிபார்த்தல் என்ற பொருள் அதிலிருந்து பின்னால் கிளைத்தது. வண்டியை நிறுத்திச் சோதிக்கும் செக்போஸ்டில் இவ்விரு பொருள்களையும் சேர்த்தே காணலாம்.

துணிக்கு அந்தப் பெயர் வந்தது சதுரங்கப் பலகையின் கட்டங்களால். பலகையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கும் 'எக்ஸ்செக்கர்' என்று பெயராயிற்று. இன்றும் அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப்பெயரில் அது இருக்கிறது. கணக்கு எழுதும் உங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அந்தக் கருவூலத்தில் கணக்குப் பார்த்த முறையை 12ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசை. மேலே வைப்பது விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று பத்திகள் இடப்பக்கமாக நீளும். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு என்பதால், பத்திகளில் வில்லைகளை வைத்தும் எடுத்தும், மாவட்ட அதிகாரி கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்பதை எல்லாரும் கண்ணால் காணும்படி கணக்குத் தீர்த்தார்கள். பொருளாளரும் அந்த அதிகாரியும் எதிரெதிரே மோதுவதைச் சதுரங்கப் போருக்கே ஒப்பிடுகிறார் ஃபிட்ஸ்நீல். ஒரு கட்டத் துணி ஒரு நாட்டின் கருவூலத்துக்கே பெயர் கொடுத்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி காசோலை. அதற்குப் பெயர் கொடுத்தது கட்டமல்ல, சரிபார்த்தல் என்ற பொருள்தான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'செக்' என்பது பணம் தரச்சொல்லும் தாளை முதலில் குறிக்கவில்லை. கொடுத்தவர் கையில் தங்கும் அடிக்கட்டையைத்தான் குறித்தது. யாரேனும் தொகையைத் திருத்தினாலோ போலியாக எழுதினாலோ, அடிக்கட்டையோடு ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும். அந்தப் பெயர் பிறகு தாளின்மேல் ஏறிக்கொண்டது. உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு நூலிழை உண்மை உண்டு: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காசோலைக்கு மட்டும் எழுத்துக்கூட்டல் வேறாக (check அல்ல, cheque) இருப்பது 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லின் சாயலால். ஆக, கட்டம் காசோலையின் எழுத்துக்கூட்டலில் மட்டுமே நுழைந்தது. நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணங்கள் சட்டமும் அந்தக் கூட்டலையே கொண்டிருக்கிறது. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். தமிழில் 'செக்' என்று எழுதும் நாமும் அப்படியே.

மகளிடம் சொல்லும்போது உங்கள் காசோலைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளைக் கிழித்தபின் புத்தகத்தில் மிஞ்சும் துண்டைக் காட்டி, இதுதான் முதலில் செக், கிழித்த தாளுக்கு இந்தப் பெயர் பிறகுதான் வந்தது என்று சொல்லுங்கள்.