வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் ஓரத்திலேயே இருக்கும் பிரவுசர்: போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வருகின்றன. குரோமில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்து கிடக்கிறது. ஓபரா பிரவுசரில் எல்லாம் ஓரத்திலேயே இருக்கும், மாறிவிடு என்கிறான் தம்பி. என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். தாங்குமா?

ஓரத்தில் தெரிவது தனி ஆப் இல்லை. வாட்ஸ்அப் வெப் பக்கத்தைத்தான் ஒடுக்கமான ஒரு பேனலுக்குள் திறந்து வைக்கிறது ஓபரா. அது டேபில் திறந்தால் எவ்வளவு ராம் எடுக்குமோ, பேனலிலும் ஏறக்குறைய அவ்வளவே எடுக்கும். அதனால் லேப்டாப் வேகமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்சமாவது, டேப் மாற்றி மாற்றித் தேடும் நேரம். உங்கள் வேலைக்கு அதுவே பெரிய விஷயம்தான்.

முதலில் ஒரு சோதனை. வழக்கம்போல எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற தலைப்புக்கு மேலே ஒரு சதவீதம் இருக்கும். இப்போதே 85, 90 என்று காட்டினால், குரோமை மூடாமல் ஓபராவையும் திறப்பது வம்பு. ராமில் இடமில்லாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் டைப் செய்யும் எழுத்துகூடத் தாமதமாக வந்து விழும். ஒரு நேரத்தில் ஒரு பிரவுசர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராம் கூட்டுவதாக இருந்தால், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகுமுன் அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராமிலும் வகைகள் உண்டு: டிடிஆர்-3 லேப்டாப்பில் டிடிஆர்-4 ராம் நுழையவே நுழையாது. லேப்டாப்பையே கையோடு எடுத்துப் போய்விட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.

இனி ஓபரா. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பு வேண்டாம். நிறுவும் திரையில் "ஆப்ஷன்ஸ்" என்று சின்னதாக இருப்பதை அழுத்தி, டீஃபால்ட் பிரவுசர் ஆக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். திறந்ததும் இடது ஓரப் பட்டையின் அடியில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் பட்டியல் வரும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பிறகு போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் போய் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். ஓபராவும் ஒரு தனிக் கருவியாகவே கணக்கில் சேரும். போனைத் தவிர நான்கு கருவிகள்தான் அனுமதி என்பதால், குரோமில் இருக்கும் பழைய இணைப்பை விலக்கிவிடுவது நல்லது.

பேனலின் மேலே ஒரு பின் இருக்கும். அதைக் குத்தாவிட்டால், பக்கத்தில் எங்காவது கிளிக் செய்தவுடன் பேனல் மறைந்துவிடும். குத்தினால் நிலையாக நிற்கும், ஆனால் இடத்தை அடைக்கும். 1366 பிக்சல் அகலத் திரையில் பேனல் 400 எடுத்துக்கொண்டால் மிச்சம் 966. சேலைப் பட்டியல் வைத்திருக்கும் ஷீட்டில் விலைக் கட்டம் வலது பக்கம் ஓடிப் போய்விடும். பேனலின் விளிம்பை இழுத்துச் சுருக்கலாம். அந்தப் பக்கத்தில் மட்டும் கன்ட்ரோலுடன் மைனஸை அழுத்தி 80 சதவீதமாக்கினாலும் சரியாகிவிடும். போட்டோ அனுப்ப, ஃபோல்டரிலிருந்து நேராக இழுத்துச் சாட்டின் மேல் விட்டால் போதும். உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: குரோமில் இருந்த புக்மார்க் எல்லாம் புதிய பிரவுசருக்கு வந்தது, பாஸ்வேர்டு மட்டும் வரவில்லை. ஏன்? (அம்பத்தூர்)

2024-இல் குரோம் தன் தரவைப் பூட்டும் முறையைக் கடுமையாக்கியது. தகவல் திருடும் மென்பொருள்களைத் தடுக்கச் செய்த அந்த மாற்றம், மற்ற பிரவுசர்களுக்கும் கதவை அடைத்துவிட்டது. குரோமின் பாஸ்வேர்டு மேனேஜர் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு சி.எஸ்.வி. ஃபைல் கிடைக்கும். அதைப் புதிய பிரவுசரில் இம்போர்ட் செய்யலாம். அந்த ஃபைலில் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் பச்சையாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் ஷிஃப்டுடன் டெலிட் அழுத்தி அழியுங்கள். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பேங்க் பாஸ்வேர்டை எந்தப் பிரவுசரிலும் சேமிக்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: இப்படிப்பட்ட பிரவுசர்கள் நிலைத்து நிற்குமா? (தாம்பரம்)

நிற்காமல் போனவை உண்டு. ஃப்ளாக் என்ற பிரவுசர் இதே கனவோடு வந்து 2011-இல் மூடப்பட்டது. ராக்மெல்ட்டை 2013-இல் யாஹூ வாங்கியது, அதோடு அதன் கதையும் முடிந்தது. அவை பேஸ்புக், ட்விட்டர் போன்ற தளங்களோடு பின்னிப் பிணைந்திருந்தன. தளம் தன் வழியை மாற்றினால் பிரவுசரும் ஓடிப் போய் மாற வேண்டும். இப்போதைய ஓபராவும், விவால்டி என்ற இன்னொரு பிரவுசரும் தளத்தின் வெப் பக்கத்தையே காட்டுவதால் அந்தச் சிக்கல் குறைவு. விவால்டியில் எந்த முகவரியையும் வெப் பேனலாகச் சேர்க்கலாம். வாட்ஸ்அப் க்யூஆர் வரவில்லையென்றால் பேனல் ஐகானில் ரைட் கிளிக் செய்து டெஸ்க்டாப் வெர்ஷனுக்கு மாற்றுங்கள். எதுவானாலும் மாதம் ஒருமுறை புக்மார்க்குகளை ஹெச்டிஎம்எல் ஃபைலாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: கடையில் ஓபரா போட்டுக் கொடுத்து, "சோஷியல் மீடியா பிரவுசர் லைசென்ஸ்" என்று 600 ரூபாய் வாங்கினார்கள். சரியா? (வியாசர்பாடி)

சரியில்லை. ஓபராவோ விவால்டியோ லைசென்ஸுக்குக் காசு கேட்பதில்லை. தேடுபொறி ஒப்பந்தங்களும் விளம்பரமும்தான் அவற்றின் முக்கிய வருமானம். போட்டுக் கொடுத்த கூலி என்று சொல்லி வாங்கியிருந்தால் அது வேறு. லைசென்ஸ் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே இறங்கி வருவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

கேள்வி: கம்ப்யூட்டரை விற்கப் போகிறேன். பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்தால் போதுமா? (பெரம்பூர்)

போதாது. முதலில் போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு லாக் அவுட் செய்யுங்கள். பிறகு அன்இன்ஸ்டால் செய்யும்போது பயனர் தரவையும் அழிக்கவா என்று வரும் கட்டத்தில் டிக் போடுங்கள். அதை விட்டுவிட்டால், வாங்கியவர் அதே பிரவுசரை மறுபடி நிறுவும்போது உங்கள் புரொஃபைல் அப்படியே எழுந்து வரும், இன்ஸ்டாகிராம் லாகினோடு.