நொடிகூட நிலைக்காத ஹைட்ராக்சில் ராடிக்கல் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, சட்டென்று வினைபுரியும் துணுக்கு), ஹைட்ரோகார்பனோடு எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்று எப்படி அளக்கிறார்கள்?

ராடிக்கல் எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று நினைக்கிறேன். வளிமண்டல வேதியியல் ஆய்வகத்தில் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணவே வேண்டாம். புழக்கத்தில் உள்ள இரண்டு முக்கிய முறைகளும் அதைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகின்றன.

முதலாவது லேசர் முறை. ஹீலியமோ நைட்ரஜனோ ஓடிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கலத்துக்குள் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியை விட்டு, 248 நானோமீட்டர் லேசர் துடிப்பு ஒன்றை அடித்தால், மூலக்கூறு நடுவில் உடைந்து இரண்டு ஹைட்ராக்சில் கிடைக்கும். 282 நானோமீட்டரில் இன்னொரு லேசரைப் பாய்ச்சினால் அவை 308 பக்கம் ஒளிரும். இரண்டு துடிப்புகளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால், சில மில்லிநொடிகளில் ஒளி எப்படி மங்குகிறது என்பது தெரியும். ராடிக்கலைவிட ஹைட்ரோகார்பன் ஆயிரம் மடங்காவது அதிகமாக இருப்பதால், அதன் அளவு மாறாதது போலவே இருக்கும்; இதைத்தான் போலி முதல் வகை வினை என்பார்கள். மங்கும் வேகம் போதும், ராடிக்கலின் அளவு தேவையில்லை. ஹைட்ரோகார்பனின் அளவை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட்டால், கோட்டின் சாய்வுதான் வினைவேக மாறிலி, அதாவது வினை எவ்வளவு வேகமானது என்று காட்டும் எண்.

இரண்டாவது ஒப்பீட்டு முறை. எனக்குப் பிடித்தது இதுதான், செலவும் குறைவு. பெரிய டெஃப்லான் பையில் சுத்தமான காற்று, மெத்தில் நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு. இவற்றோடு நம் ஹைட்ரோகார்பனும், மாறிலி ஏற்கெனவே தெரிந்த இன்னொன்றும். புற ஊதா விளக்கைப் போட்டதும் மெத்தில் நைட்ரைட் உடைந்து, இரண்டு மூன்று படிகளில் ஹைட்ராக்சில் வரும். ஒரே வெயிலில் காயும் இரண்டு துணிகளைப் போலத்தான்: வெயில் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், எது எத்தனை மடங்கு சீக்கிரம் காய்கிறது என்று சொல்லிவிடலாம். அவ்வப்போது மாதிரி எடுத்து வாயு குரோமட்டோகிராபியில் (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை) விட்டு, இரண்டும் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்ப்போம். தொடக்க அளவை மிச்ச அளவால் வகுத்து மடக்கை எடுத்து, ஒன்றுக்கு எதிராக மற்றதை வரைந்தால் பூஜ்யம் வழியாக நேர்கோடு வர வேண்டும்; அதன் சாய்வுதான் இரண்டு மாறிலிகளின் விகிதம்.

வளைந்தால் வேறு ஏதோ அதைத் தின்கிறது என்று அர்த்தம். ஒருவேளை பையின் சுவரில் ஒட்டலாம். விளக்கை அணைத்துச் சில மணி நேரம் சும்மா வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓசோன்கூட இருக்கலாம். நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சேர்ப்பதே ஓசோனை எழவிடாமல் இருக்கத்தான். இன்னொரு பலவீனம், ஒப்பீட்டுப் பொருளின் மாறிலியில் உள்ள பிழை அப்படியே நம் தலையில் விழும். அதனால் ஒன்றுக்கு இரண்டு ஒப்பீட்டுப் பொருள்களை வைத்துப் பார்ப்பது வழக்கம்.

சரி, லேசர் முறை நேரடியானதாயிற்றே, அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளக் கூடாதா? மீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அதன் மாறிலி சுமார் 6.4×10⁻¹⁵ (அலகு: கன செ.மீ./மூலக்கூறு/நொடி). புரப்பீனுக்கு 2.6×10⁻¹¹, அதாவது ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு. மீத்தேன் சிலிண்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு புரப்பீன் கலந்திருந்தாலே விடை 40 சதவீதம் எகிறிவிடும். வரைபடமோ அழகான நேர்கோடாகவே இருக்கும், சந்தேகமே வராது! ஒப்பீட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை, குரோமட்டோகிராபி கலப்படத்தைத் தனியே பிரித்துவிடும். ஆனால் மீத்தேன் அங்கே குறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இதில் துல்லியம் பார்ப்பது வீண் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 1991-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் வஜியானி, ரவிசங்கரா என்ற இரண்டு விஞ்ஞானிகள் மீத்தேனை மறுபடி அளந்தபோது, அதுவரை ஏற்றிருந்ததைவிடக் குறைவான மதிப்பே வந்தது. காற்றில் மீத்தேனை முக்கியமாக அழிப்பது ஹைட்ராக்சில்தான்; அப்படியென்றால் மீத்தேன் காற்றில் நினைத்ததைவிட அதிக நாள் தங்குகிறது. சதுப்பு நிலமும் நெல்வயலும் மாடுகளும் எல்லாமாகச் சேர்ந்து ஆண்டுதோறும் வெளிவிடும் மீத்தேன் கணக்கையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியதாயிற்று.