அப்டேட் முடிந்ததும் முரண்டு பிடிக்கும் எக்ஸ்டென்ஷன்கள்

கேள்வி: குரோமை அப்டேட் செய்து மறுபடி திறந்தால், நெடுநாளாகப் பயன்படுத்தும் ஸ்கிரீன்ஷாட் எக்ஸ்டென்ஷன் ‘புதிய அனுமதிகள் தேவை’ என்று நின்றுபோயிருக்கிறது. விளம்பரத் தடுப்பான் ‘இனி ஆதரவு இல்லை’ என்கிறது. போதாக்குறைக்கு ஒரு தளத்தில் ‘உங்கள் பிளகின் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்’ என்று பெட்டி வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்துவிடலாமா?

பதில்: மூன்றும் ஒரே நாளில் வந்தாலும் மூன்றுக்கும் சம்பந்தமில்லை.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். அது போலி. பிளகின் என்பது பக்கங்களில் வீடியோ, விளையாட்டு போன்றவற்றை ஓட்ட உலாவியில் செருகிய துணை நிரல்; ஜாவா, சில்வர்லைட், ஃபிளாஷ் காலத்துச் சரக்கு. முதல் இரண்டையும் குரோம் 2015-இலேயே கைகழுவிவிட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. இன்று புதுப்பிக்க அப்படி ஒன்று உங்கள் குரோமில் இல்லவே இல்லை. பக்கத்துக்கு உள்ளே மிதக்கும் பெட்டி அந்தத் தளத்தின் பேச்சு. குரோம் எக்ஸ்டென்ஷன் பற்றிப் பேசினால் தன் மெனுவிலோ எக்ஸ்டென்ஷன் பக்கத்திலோதான் பேசும். டேபை மூடுங்கள். மூடிய பிறகும் திரையின் மூலையில் எட்டிப்பார்த்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்: அமைப்புகளில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’, அதற்குள் ‘தள அமைப்புகள்’, ‘அறிவிப்புகள்’ என்று போய் அதை நீக்குங்கள்.

விளம்பரத் தடுப்பானில் வைரஸ் எதுவும் இல்லை. மேனிஃபெஸ்ட் என்ற கோப்புதான் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் அடையாளச் சீட்டு. அதன் 2-ஆம் பதிப்பு விதிப்படி எழுதியவற்றை குரோம் 2024-இல் முடக்கத் தொடங்கி, 2025-இல் வந்த 139-ஆம் பதிப்போடு முழுக்க நிறுத்திவிட்டது. யூபிளாக் ஆரிஜின் என்ற பிரபல விளம்பரத் தடுப்பான் இப்படித்தான் போனது. அதே ஆசிரியரின் ‘லைட்’ பதிப்பு குரோமில் ஓடும், ஆனால் பழையதன் முழு பலம் அதற்கு இல்லை. அந்த பலம்தான் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸில் பழையதே ஓடுகிறது. எதற்காகவும் பழைய குரோமைத் தேடிப்பிடித்து நிறுவாதீர்கள். விளம்பரத்தைத் தடுக்கப் போய் அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகளோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நிதானிக்க வேண்டியது ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில். எக்ஸ்டென்ஷன்கள் பின்னணியில் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. புதிய பதிப்பு முன்பில்லாத, எச்சரிக்கைக்குரிய அனுமதியைக் கேட்டால் மட்டும் குரோம் அதை முடக்கிவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும். காத்துக்கிடந்த அப்டேட் உலாவியை மறுபடி திறக்கும்போது நிறுவப்படுவதும் உண்டு. அதனால்தான் பழி குரோம் அப்டேட்டின் மேல் விழுகிறது.

என்ன கேட்கிறது என்று படியுங்கள். திறந்திருக்கும் டேபைப் படமெடுக்க, நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தில் மட்டும் கிடைக்கும் அனுமதியே போதும். அதற்கு எச்சரிக்கையே வராது. ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று கேட்டால் ஏதோ மாறியிருக்கிறது. வெப் ஸ்டோரில் அதன் பக்கத்தைத் திறந்து உருவாக்குநர் பெயர், கடைசியாகப் புதுப்பித்த தேதி, புதியவை முதலில் வரும்படி அடுக்கிய விமர்சனங்கள் மூன்றையும் பாருங்கள். நட்சத்திரங்களை நம்ப வேண்டாம், அவை பழைய உரிமையாளர் சம்பாதித்தவையாக இருக்கலாம். பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் ‘தி கிரேட் சஸ்பென்டர்’ எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் கூகுளே அதைத் தீங்குநிரல் என்று முடக்க வேண்டிவந்தது.

காரணம் புரிகிறது, எக்ஸ்டென்ஷனும் வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். முதலில் வங்கி, மின்னஞ்சல் டேப்களை மூடுங்கள், ஏனென்றால் ஒப்புக்கொண்ட நொடியிலிருந்து அனுமதி முழுதாக நடப்புக்கு வந்துவிடும். பிறகு ஒப்புக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ‘விவரங்கள்’ திறந்து, தள அணுகலை ‘எல்லாத் தளங்களிலும்’ என்பதிலிருந்து ‘கிளிக் செய்யும்போது’ என்று மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேலைக்கு இதுவே தாராளம். காரணம் புரியவில்லை என்றால் நீக்கிவிடுங்கள். அமைப்புகளும் சேர்ந்தே அழியும், ஸ்கிரீன்ஷாட் கருவிக்கு அதொன்றும் பெரிய நஷ்டமில்லை.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாத் தள அனுமதியையும் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போனால் மறுபடி எதையும் கேட்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனை வெளியிடும் உரிமையை மோசடி மின்னஞ்சல் மூலம் கைப்பற்றியவர்கள், வெப் ஸ்டோர் வழியாகவே கெட்ட பதிப்பை அனுப்பினார்கள். ஆகவே எச்சரிக்கை காட்டாத எக்ஸ்டென்ஷன்களின் ‘விவரங்கள்’ பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மோசமான ஒன்று சிக்கினால் நீக்குவதோடு நிற்காதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் குக்கீ திருடுபோயிருந்தால், அது அதன்பிறகும் செல்லுபடியாகும். முக்கியமான கணக்குகளில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ கொடுத்து, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று ஆட்-ஆன்கள் (எக்ஸ்டென்ஷன்களும் இதில் அடங்கும்) மொத்தமாக முடங்கினால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஆட்-ஆன்களைச் சரிபார்க்க ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்திய பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14-ஆம் தேதி காலாவதியானது. 128-க்கு முந்தைய சாதாரணப் பதிப்புகளில் உலாவியைப் புதுப்பித்தால்தான் தீரும்.